கரன்ட் போய் வந்தால் சாக்கெட் ஃபைல் முரண்டு பிடிக்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். யாங்கோனில் மாமாவின் மளிகைக் கடைக்கு சி மொழியில் பில் புரோகிராம் எழுதி ஓட்டுகிறேன். பில் போடும் கிளையன்டும் ஸ்டாக் சர்வரும் ஒரே லினக்ஸ் மெஷினில்தான். முன்பு 127.0.0.1-இல் (அதே மெஷினைக் குறிக்கும் முகவரி) டிசிபி போர்ட் வழியாகப் பேசின. கடை ஆட்களின் குரூப்புக்கு மட்டும் அனுமதி தரலாமே என்று யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டுக்கு (ஒரே மெஷினில் உள்ள புரோகிராம்கள் ஒரு ஃபைல் பெயர் வழியாகப் பேசிக்கொள்ளும் முறை) மாற்றினேன்.

எங்கள் ஊர் கரன்ட் சமாச்சாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜெனரேட்டர் போடுவதற்குள் மெஷின் படுத்துவிடும். திரும்ப எழுந்தால், டேட்டா ஃபோல்டரில் சாக்கெட் ஃபைல் அப்படியே கிடக்கிறது. மறுபக்கம் கேட்க ஆள் இல்லை. கிளையன்ட் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்கிறது, பிழை எண் 111. சர்வரோ பைண்ட் செய்யும்போதே, அதாவது சாக்கெட்டுக்கு அந்த ஃபைல் பெயரைப் பதியும்போதே, 98, 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்று நின்றுவிடுகிறது. ஃபைலைக் கையால் அழித்தால் இரண்டும் சமர்த்தாக ஓடுகின்றன. பர்மிஷன் தகராறு இல்லை, அதுவானால் 13 வந்திருக்கும்.

சாக்கெட் ஃபைலை ரன் ஃபோல்டருக்கு (/run) மாற்றினால் ரீபூட்டில் தானாகக் காலியாகும், சரி. சர்வர் மட்டும் செத்து விழுந்தால்? பைண்டுக்கு முன் அன்லிங்க் செய், அதாவது பழைய ஃபைலை அழி என்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கடைப் பையன் இன்னொரு சர்வரைத் தட்டிவிட்டால், உயிரோடிருக்கும் ஃபைலும் போய்விடுமே! பெயர் பூஜ்ய பைட்டில் தொடங்கும் அப்ஸ்ட்ராக்ட் சாக்கெட்டில் ஃபைலே கிடையாது, ஆனால் குரூப் அனுமதியும் கிடையாது. மாற்றியதே அதற்காகத்தான்.

தனி லாக் ஃபைலில் எஃப்லாக் (ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) பிடித்தபின் அன்லிங்க் செய்தால் போதுமா? இல்லை, சாக்கெட்டை, லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியிடமே ஒப்படைத்துவிடலாமா? இரண்டில் எதையாவது ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.