அப்பாவுக்கு டயல்அப் போதுமா, பிராட்பேண்டுக்கு மாற்றலாமா?

குடந்தைவாசி:
கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் அப்பா தனியாக இருக்கிறார். பி.எஸ்.என்.எல். போன், அதே லைனில் மோடம் வழியாக டயல் செய்து நெட்டில் சேரும் டயல்அப். மெயில் பார்ப்பார், நாளிதழ் மேய்வார், பேரன் போட்டோ வந்தால் இறக்குவார். தினமும் அரை மணிநேரம் இருக்கும். இந்த 2007 நிலவரத்துக்கு மாதம் 250 ரூபாய் பிராட்பேண்ட் திட்டம் அவருக்குக் கட்டுப்படியாகுமா?

பழைய மோடம்:
வேண்டாம் நண்பரே. 250-உடன் மோடம் வாடகை, சேவை வரி எல்லாம் சேரும். ஊருக்குப் போய் ஒரு மாதம் கம்ப்யூட்டரைத் தொடாவிட்டாலும் பணம் கட்டியாக வேண்டும். டயல்அப்பில் அந்த வம்பு இல்லை. நான் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் மெயிலை இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடுவேன். பதிலை நிதானமாக எழுதி, மறுபடி இணைத்து அனுப்புவேன். அஞ்சு நிமிஷ வேலை.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் துண்டிப்பீர்கள் சார், அவர் அப்பா நாளிதழ் படிக்கிறார். மூன்று நிமிடத்துக்கு ஒரு பல்ஸ், அதாவது ஒரு கால் கட்டணம் என்றால் அரை மணிக்கு 10 கால், மாதத்துக்கு 300 கால். இலவசக் கால்களைக் கழித்தாலும் 250 ரூபாய் பக்கத்தில் வந்து நிற்கும், இன்டர்நெட் கணக்குக்கான பணம் வேறு.

போட்டோவைப் பாருங்கள். டிஜிட்டல் கேமராவில் எடுத்தது ஒன்று 2 எம்பி. 56கே மோடத்தில் நிஜமாகக் கிடைப்பது விநாடிக்கு 4 கிலோபைட். ஒரு படத்துக்கு எட்டரை நிமிடம். ஐந்து படம் வருவதற்குள் முக்கால் மணி ஓடிவிடும், அதுவரை போன் என்கேஜ்டு. வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் அது சரியா?

பழைய மோடம்:
பேரனுடைய அப்பாவிடம் படத்தைச் சின்னதாக்கி அனுப்பச் சொன்னால் தீர்ந்தது. பிரவுசரில் படங்களை நிறுத்தி வைத்தால் நாளிதழும் சட்டென்று வரும். 250 திட்டத்தில் 1 ஜிபி வரைதான். தாண்டினால் எம்பிக்குக் கிட்டத்தட்ட ஒரு ரூபாய். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் மோடத்தை அணைக்காமல் விட்டு, விண்டோஸ் அப்டேட் தானாக இறங்கி, பில்லைப் பார்த்து மனிதர் ஆடிப்போய்விட்டார். டயல்அப்பில் அப்படி இறங்க வழியே இல்லை.

கணக்குப்பிள்ளை:
அந்த 1 ஜிபியை டயல்அப்பில் இறக்க இடைவிடாமல் 70 மணிநேரம் ஆகும். மெயிலும் நாளிதழும் பார்ப்பவர் அதைத் தொடவே மாட்டார். ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவையுங்கள், வேலை முடிந்ததும் மோடம் சுவிட்சை அணைக்கப் பழக்குங்கள். வைரஸ் தடுப்பானை மட்டும் வாரம் ஒருமுறை அப்டேட் செய்தால் போதும்.

இரவுப்பறவை:
500 ரூபாய் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 வரை அளவே கிடையாது. அதைப் போடுங்கள்.

குடந்தைவாசி:
அப்பா நாலு மணிக்கே எழுந்துவிடுவார்தான்! ஆனால் காபி குடித்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, அப்புறம்தான் கம்ப்யூட்டர்.

கணக்குப்பிள்ளை:
சினிமா, பாட்டு இறக்குகிறவர்களுக்குத்தான் 500. இவருக்கு அது வீண்.

மாலதி:
எல்லாரும் பில்லையே பேசுகிறீர்கள். முதலில் அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பிராட்பேண்ட் வந்திருக்கிறதா? 2005-லேயே தொடங்கினாலும் சின்ன எக்ஸ்சேஞ்ச் பலவற்றுக்கு இன்னும் வரவில்லை. வந்திருந்தாலும் தூரம் கணக்கு. செம்புக்கம்பி நாலைந்து கிலோமீட்டர் போனால் சிக்னல் தேய்ந்துவிடும். ஜனவரி முதல் வேகம் 2 எம்பிபிஎஸ் வரை என்கிறார்களே, அந்த “வரை” எக்ஸ்சேஞ்ச் பக்கத்து வீட்டுக்கு. லைனில் கரகரப்பு இருந்தால் மழைநாளில் அடிக்கடி அறுந்துபோகும்.

பழைய மோடம்:
அக்கா சொல்வது சரி. அதனால்தான் சொல்கிறேன், இருப்பதை விடாதீர்கள்.

மாலதி:
விடச் சொல்லவில்லையே. லைன்மேனை அழைத்துக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். மோடத்தை விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுங்கள், ஒத்துவராவிட்டால் திருப்பித் தரலாம். பழைய 56கே மோடமும் கம்ப்யூட்டரில் அப்படியே கிடக்கட்டும். இன்னொன்று, வீட்டில் எக்ஸ்டென்ஷன் போன் இருந்தால் போன் ஒலியையும் நெட் சிக்னலையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரைத் தாண்டித்தான் அதற்கு வயர் போக வேண்டும். இல்லையென்றால் போனை எடுக்கும்போதெல்லாம் இரைச்சல், நெட்டும் துண்டாகும்.

குடந்தைவாசி:
படுக்கையறையில் ஒரு எக்ஸ்டென்ஷன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். திங்களன்று எக்ஸ்சேஞ்சில் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

பழைய மோடம்:
அப்படியே அப்பாவின் கடைசி இரண்டு பில்லையும் எடுத்துப் பாருங்கள். கணக்குப்பிள்ளையின் 300 கால் அதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.