டோவர் வழக்கு: 'ஒரு நிமிட அறிவிப்புதானே' என்பவர்களுக்கு

பழையமரம்:
பரிணாமப் பாடம் பற்றிய திரியில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "2005இல் அமெரிக்காவின் டோவர் பள்ளியில் ஒரு நிமிட அறிவிப்பைத்தான் படித்தார்கள். அதற்குப் போய் வழக்கா?" பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அறிவிப்பின் நாலு பத்தியில் என்ன இருந்தது? டார்வின் கோட்பாடு உண்மை அல்ல, அதில் இடைவெளிகள் உண்டு, உயிர்களை ஏதோ ஓர் அறிவுள்ள சக்திதான் வடிவமைத்தது என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று வேறு விளக்கம் உண்டு, அதற்கான புத்தகமும் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் தொடங்கும் முன்பே இதைச் சொன்னால் பிள்ளை மனதில் எது நிற்கும்?

தொடுவானம்:
எழுதியது நான்தான். ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். பரிணாமப் பாடத்தை யாரும் நீக்கவில்லை, தேர்வும் அதில்தான். மனதைத் திறந்து வையுங்கள் என்று சொன்னது குற்றமா தம்பி?

பழையமரம்:
எனக்கு வயது 58. தம்பி எல்லாம் வேண்டாம். உயிரியல் ஆசிரியர்கள் அதைப் படிக்கவே மாட்டோம் என்றார்கள், தெரியுமா? நிர்வாகிகள் வந்து படித்துவிட்டுப் போனார்கள். மாணவர்கள் கேள்வி கேட்கவும் கூடாது. 22 வருடம் உயிரியல் எடுத்தவன் சொல்கிறேன். திமிங்கிலத் துடுப்பின் எலும்புப் படத்தையும் மனிதக் கையின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், முன்வரிசைப் பிள்ளை தன் விரலை மடக்கி எண்ணத் தொடங்கும். அப்புறம் கேள்வி வராமல் இருக்குமா? கேள்வி கேட்க முடியாத ஒரு நிமிடத்துக்கு அறிவியல் வகுப்பில் என்ன வேலை?

மழைக்காகம்:
அந்தப் புத்தகத்தின் கதையையும் சொல்லுங்கள் ஐயா. கடவுள்தான் உயிர்களைப் படைத்தார் என்னும் படைப்புவாதத்தைப் பள்ளியில் கற்பிக்க வைக்கும் சட்டத்தை 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், வரைவில் 'படைப்புவாதிகள்' என்று இருந்த இடங்களை 'வடிவமைப்பு ஆதரவாளர்கள்' என்று மாற்றினார்கள். ஓரிடத்தில் பழைய சொல்லின் தலையும் வாலும் அழியாமல் புதுச் சொல்லின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றன. வழக்கில் அதுவே பெரிய சாட்சி ஆனது.

தொடுவானம்:
புத்தகத்தைப் பற்றி யார் கேட்டார்கள்? நான் பேசுவது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி. நஷ்டம் யாருக்கு? பள்ளி மாவட்டம் 10 லட்சம் டாலருக்கு மேல் வழக்குச் செலவு கட்டியது. 11 பெற்றோரின் பிடிவாதத்துக்கு ஊர் வரிப்பணம்.

பழையமரம்:
பிடிவாதம் பெற்றோருடையதா, அறிவிப்பைக் கொண்டுவந்த பள்ளி வாரியத்துடையதா? தீர்ப்பு வருவதற்கு முன்பே, நவம்பர் தேர்தலில் நின்ற வாரிய உறுப்பினர்கள் எட்டுப் பேரையும் அந்த ஊர்க்காரர்களே தோற்கடித்தார்கள். நீதிபதி ஜான் ஜோன்ஸ் யார்? பழமைவாதியான அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் நியமித்தவர். டிசம்பர் 20 அன்று 139 பக்கம் எழுதினார், அறிவார்ந்த வடிவமைப்பு அறிவியல் அல்ல என்று. உங்கள் ஒரு நிமிடத்துக்கு 139 பக்கம்!

குறிஞ்சி:
போன மாதம் கிருமிகளின் மருந்து எதிர்ப்பு பற்றிய திரியிலும் நீங்கள் இருவரும் இப்படித்தான் மல்லுக்கு நின்றீர்கள்.

தொடுவானம்:
அந்தத் திரியில் என் பதிலை நீக்க வைத்தது யார்? முதலில் அதற்குப் பதில் வரட்டும்.

பழையமரம்:
நான் இல்லை. பேச்சை மாற்றாதீர்கள். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட்டார்களா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

தொடுவானம்:
ஒரு நிமிடம்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். சரி, என் பதிலை நீக்கியது யார்?