ரஃபிங் தி பாஸர்: நேரில் பார்த்த மஞ்சள் கொடிகள்

அமெரிக்க ஃபுட்பாலில் பந்தை எறிகிற முக்கிய வீரர் குவார்ட்டர்பேக். அவரை விதியை மீறி முரட்டுத்தனமாகத் தாக்குவதுதான் ரஃபிங் தி பாஸர்; அதற்கு நடுவர் மஞ்சள் கொடி வீசி பெனால்டி கொடுப்பார். அதைப் பற்றி மூன்று ரசிகர்கள் எழுதியவை இவை.

2018 செப்டம்பர் 16, கிரீன் பே, பேக்கர்ஸின் சொந்த மைதானமான லாம்போ ஃபீல்ட். பேக்கர்ஸ் - வைக்கிங்ஸ் ஆட்டத்துக்கு நேரில் போயிருந்தேன். முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை, பேக்கர்ஸ் 29-21 என்று முன்னால் இருக்கிறது. வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் எறிந்த பந்தை எங்கள் ஜைர் அலெக்சாண்டர் பிடித்துவிட்டார். ஜெயித்தாச்சு என்று முன்பின் தெரியாதவர்களைக்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் புல்லில் கிடந்த மஞ்சள் கொடி கண்ணில் பட்டது.

பந்து கையை விட்ட கையோடு எங்கள் கிளே மாத்யூஸ் கசின்ஸைச் சாய்த்திருந்தார். அதற்குத்தான் கொடி. எங்களுக்கு 15 யார்டு போயிற்று, ஃபர்ஸ்ட் டவுன் (புதிதாக நான்கு வாய்ப்புகள்) அவர்களுக்குக் கிடைத்தது, பிடித்த பந்தும் செல்லாது. வைக்கிங்ஸ் ஆறு பாயிண்ட் தரும் டச்டவுன் போட்டு, கூடுதலாக இரண்டு பாயிண்டும் எடுத்தார்கள். கூடுதல் நேரமும் ஆடி 29-29 என்று சமனில் முடிந்தது.

எங்கள் வரிசையில் கத்தாமல் உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒரு பெரியவர்தான். "போன வருஷம் ஆரனுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். எப்படி மறக்கும்? 2017 அக்டோபர் 15 அன்று மினியாபொலிஸில் எங்கள் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் பந்தை எறிந்து முடித்த பிறகு, வைக்கிங்ஸின் ஆந்தனி பார் அவரைத் தள்ளி அவர் மேலேயே விழுந்தார். வலது காறை எலும்பு உடைந்தது. அன்று கொடி விழவில்லை. அதற்கு அடுத்த சீசனில்தான், முழு உடல் எடையையும் குவார்ட்டர்பேக் மேல் போட்டு விழுவதைக் கண்டிப்பாகப் பிடிக்க வேண்டும் என்று என்.எஃப்.எல். (இந்த அணிகள் ஆடும் தொழில்முறை லீக்) நடுவர்களிடம் சொன்னது. நாங்கள் நொந்துபோய்க் கேட்டு வாங்கிய கண்டிப்பு அது.

ஆனாலும் அன்று விழுந்த கொடி தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மாத்யூஸ் அவரைத் தூக்கித் தரையில் குத்தினார் என்று நடுவர் பிறகு விளக்கினார். அந்தக் காட்சியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். எனக்குத் தெரிவதெல்லாம் ஓடி வந்த வேகம்தான். அதே சமயம் நடுவரைத் திட்டவும் மனம் வரவில்லை. சந்தேகம் இருந்தால் ரஃபிங் என்றே கொடுக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. ஒரு நொடியில் முடிவெடுக்க வேண்டிய ஆளுக்கு இப்படி ஒரு கட்டளை இருந்தால் அவர் வேறு என்ன செய்வார்?

*

நான் மறக்க முடியாதது கொடி விழாத ஓர் இரவு. 2022 செப்டம்பர் 29, சின்சினாட்டி. நாங்கள் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். மயாமியின் குவார்ட்டர்பேக் டுவா டாகோவைலோவாவை சின்சினாட்டி பெங்கால்ஸ் வீரர் சுழற்றித் தரையில் போட்டார். டுவாவின் விரல்கள் முகத்துக்கு நேரே விறைத்து நின்றுவிட்டன. என் மகள் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தாக்குதலுக்கு பெனால்டி கிடையாது. நான்கு நாள் முன்னால் பஃபலோவுடன் ஆடும்போதே அவர் எழுந்து நிற்க முடியாமல் தடுமாறினார். அப்படியிருந்தும் அந்த ஆட்டத்தில் அவரைத் திரும்ப ஆட விட்டார்கள்.

அடுத்த வாரம் நடந்ததுதான் எனக்குக் கோபம். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை கிரேடி ஜாரெட் கீழே இழுத்ததற்குக் கொடி. மறுநாள் இரவு இன்னொரு குவார்ட்டர்பேக் டெரெக் காரிடமிருந்து பந்தையே பறித்துவிட்ட கிறிஸ் ஜோன்ஸுக்கும் கொடி. ஜோன்ஸ் தன் எடையைத் தாங்க ஒரு கையைத் தரையில் ஊன்றுவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. அப்போது இந்தத் தீர்ப்பை ரீப்ளே பார்த்து மாற்றவும் வழியில்லை.

அந்த அக்டோபரில் உருப்படியாக நடந்தது வேறொன்று. நிலைதடுமாறும் வீரர் அன்றைக்குத் திரும்ப ஆடவே கூடாது என்று லீகும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து மூளை அதிர்ச்சி விதியைத் திருத்தின. என்னைக் கேட்டால் நூறு மஞ்சள் கொடியை விட அந்த ஒரு வரி பெரிது.

*

குவார்ட்டர்பேக் பக்கமே எல்லோரும் பேசுகிறீர்கள். என் மகன் உயர்நிலைப் பள்ளி அணியில் டிஃபென்சிவ் எண்ட், அதாவது எதிரணி குவார்ட்டர்பேக்கைச் சாய்க்க ஓடுகிறவன். எதிரில் வந்து விழுகிறவனின் அப்பாவாகச் சொல்கிறேன்.

2018-இல் வில்லியம் ஹேஸ் என்று ஒரு மயாமி வீரர். டெரெக் காரைச் சாய்க்கும்போது அவர் மேல் எடை விழக் கூடாதே என்று உடம்பைத் திருப்பினார். முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து, சீசனே போய்விட்டது. அதே வாரம் மாத்யூஸுக்கு இன்னொரு கொடியும் விழுந்து ஏகப்பட்ட சத்தம். விதிகளைப் பார்க்கும் லீகின் போட்டிக் குழு பேசிப் பார்த்துவிட்டு விதியில் மாற்றமில்லை என்றது.

போன சீசனில் என் மகனுக்கும் ஒரு கொடி விழுந்தது. அதிலிருந்து அவன் பயிற்சியாளர் புதிதாகச் சொல்லித் தருகிறார்: இடுப்பைச் சுற்றிப் பிடி, விழும்போது பக்கவாட்டில் புரண்டு உன் தோளில் நீயே விழு. ஓடி வரும் வேகத்தில் அதைச் செய்ய அரை நொடிகூடக் கிடைக்காது. இரண்டாவது ஆட்டத்தில் கையை ஊன்றி மணிக்கட்டு வீங்கிவிட்டது. காரில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, "நான் அவன் மேல விழலப்பா, பார்த்தீங்கல்ல?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான்.

எதிரணிப் பையனுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது, அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் பாதுகாப்பாக விழுவதற்கென்று தனியாக எத்தனை நாள் பயிற்சி கொடுக்கிறார்கள்? இங்கே வாரத்துக்குப் பத்து நிமிடம்கூடக் கிடையாது. உங்கள் பிள்ளைகளுக்கு யாராவது இதைச் சரியாகச் சொல்லித் தந்திருந்தால், எப்படி என்று விவரமாக எழுதுங்கள். ஆகஸ்டில் பயிற்சி தொடங்குகிறது.