மறு: மோட்டாரின் கேவி எண்ணுக்குத் தமிழ்ச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வோல்ட் கொடுத்தால் சுமை இல்லாத மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும் என்பதைச் சொல்வது கேவி எண். அதை ‘வேக எண்’ என்று சொல்லலாம் என இந்த இழையில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. ரேடியோவில் ஓடும் மாதிரிப் போர்க்கப்பலுக்கு மோட்டார் தேடுகிறவர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். அதற்கு வேகம் என்று பெயர் வைத்தால், எண் பெரிதாக இருந்தால் நல்ல மோட்டார் என்றே யாரும் நினைப்பார்கள். போர்க்கப்பலுக்கு அது நேர்மாறு.

எம்டனையே எடுத்துக்கொள்வோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்ட கப்பல். நீளம் 118 மீட்டர், வேகம் 23.5 நாட். நூற்றில் ஒரு பங்கு அளவில் செய்தால் நீளம் 1.18 மீட்டர் வரும். வேகம் அப்படி நூறில் ஒன்றாகக் குறையாது. கப்பலின் அளவையும் வேகத்தையும் இணைக்கும் ஃபிரவுட் விதிப்படி நூறின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும்: 2.35 நாட், அதாவது வினாடிக்கு 1.2 மீட்டர். கரையில் ஓர் ஆள் நடக்கிற வேகம்தான். அந்த வேகத்தில் ஓடினால்தான் முகப்பில் விழும் அலை நிஜக் கப்பலின் அலை போலவே இருக்கும்.

கழிஞ்சூர் ஏரியில் நண்பர் ஒருவர் இதே அளவு கப்பலை விமானத்துக்கான 2200 கேவி மோட்டார் வைத்து இறக்கினார். 11.1 வோல்ட் பேட்டரி. சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 24,000 சுழற்சிக்கு மேல். கிளம்பும்போது மோட்டார் வெட்டி வெட்டி உதறியது. அப்புறம் திடீரென்று பிடித்து, கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கரைக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்தால், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கன்ட்ரோலரில் கை வைக்க முடியாத சூடு. சென்சார் இல்லாத அந்த வகை மோட்டாரில், சுருளில் எழும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் ரோட்டர், அதாவது சுழலும் பகுதி, எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலர் கண்டுபிடிக்கும். மெதுவாகச் சுழலும்போது அந்த அழுத்தம் மிகக் குறைவு, அதனால்தான் உதறல். கேவி எண் பாதியானால் ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் முறுக்குவிசை இரண்டு மடங்காகும். கப்பலுக்கு வேண்டியது அதுதான்.

கேவியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு ஒன்று: நம் ஊரில் 110 கேவி என்றால் சப்ஸ்டேஷன்; அங்கே கேவி என்பது கிலோவோல்ட். இரண்டையும் தமிழில் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் புதிதாக வருகிறவரை அலைய விடக்கூடாது.

‘வோல்ட்டுச் சுற்று’ என்பது முதல் பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மோட்டார் காயில் கட்டும் கடையில் சுற்று என்றால் கம்பிச் சுற்று. கார்பன் வைத்த ‘540’ அளவு மோட்டாரை வாங்கும்போதும் 27 சுற்றா, 55 சுற்றா என்றுதான் பார்க்கிறோம். அங்கே சுற்று கூடினால் வேகம் குறையும். கேவி கூடினால் வேகம் கூடும். எதிரெதிராகப் போகும் இரண்டு அளவுகளுக்கும் ஒரே சொல்லை வைப்பது ஆபத்து.

ஆகவே என் பரிந்துரை ‘வோல்ட்டுச் சுழற்சி’. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 600 வோல்ட்டுச் சுழற்சி மோட்டார், 7.4 வோல்ட் பேட்டரி, பெருக்கினால் சுமை இல்லாமல் நிமிடத்துக்கு 4,440 சுழற்சி. சுற்று என்ற சொல் காயிலுக்கே இருக்கட்டும்.

பிரஷ்லெஸ் மோட்டாருக்கு ‘தூரிகையற்ற மின்னோடி’ என்று சொல்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாடநூலில் தூரிகை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மிக்ஸி பழுது பார்க்கும் கடையில் ‘கார்பன் தேய்ஞ்சு போச்சு’ என்றுதான் சொல்கிறார்கள், கேட்கிற வீட்டுக்காரருக்கும் அது உடனே புரிகிறது. ‘கார்பனில்லா மோட்டார்’ போதும் என்பேன்.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன், காயில் கட்டும் தொழிலில் இருக்கிற உறுப்பினர்கள் யாராவது சுற்று, சுழற்சி இரண்டையும் கடையில் எப்படிப் பிரித்துச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். அவர்கள் சொல் வேறாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
வேலூரிலிருந்து