மறைந்த நண்பரின் விண்கற்களை எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி:
என்னோடு 20 ஆண்டுகளாக விண்கற்களைத் தேடி அலைந்த நண்பர் அண்மையில் காலமானார். 16ஆம் நாள் காரியம் முடிந்ததும் அவருடைய மனைவி ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்து, "இதன் அருமை உங்களுக்குத்தான் தெரியும்" என்றார். உள்ளே மூன்று கற்கள் இருந்தன: ரஷ்யாவில் 1947 பிப்ரவரி 12 அன்று விழுந்த சிகோட்டே-அலின் இரும்புத் துண்டு, அர்ஜென்டினாவின் காம்போ டெல் சியேலோ இரும்பு, இந்தோனேசியாவின் பெலித்துங் தீவில் நாங்கள் இருவரும் வாங்கிய, 'பத்து சாத்தாம்' எனப்படும் கரிய கல். ஒவ்வொன்றோடும் அவர் கைப்பட எழுதிய சீட்டு உண்டு. காம்போ துண்டில் மட்டும் பழுப்பு நிறத் துளிகள் கசிகின்றன. விண்கற்கள் விழுந்து உண்டான ஹென்பரி பள்ளங்களைப் பார்க்க ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சென்றிருந்தபோது, அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது என்பதால், காலணியில் ஒட்டிய மண்ணைக்கூட உதறிவிட்டு வண்டியேறிய மனிதர் அவர். அவர் பொருள் என் கையில் கெட்டுவிடக்கூடாது. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
தங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். சிகோட்டே-அலின் விழுந்து நூறாண்டுகூட ஆகவில்லை. காம்போ இரும்போ 4,000 ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணில் கிடந்ததால், நிலத்தடி நீரிலிருந்த குளோரைடு அதன் விரிசல்களுக்குள் இறங்கியிருக்கும். ஈரக்காற்று பட்டதும் அதுதான் துளியாகக் கசிகிறது. நம் சிங்கப்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுவதால் டின் போதாது. குழாய்த்தண்ணீரில் கழுவாதீர்கள். துருவை மெல்லிய தூரிகையால் நீக்கி, நீர் கலவாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில நாள்கள் ஊறவிட்டு, அது நிறம் மாறும்போதெல்லாம் புதிதாக ஊற்றுங்கள். பிறகு நன்றாக உலரவிட்டு, புகைப்படக்காரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் உலர்பெட்டியிலோ, சிலிக்கா ஜெல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியிலோ வையுங்கள். துரு முற்றிலும் நிற்குமென்று உறுதி கூற முடியாது. மாதம் ஒருமுறை பார்த்துவர வேண்டும்.

மறுமொழி 2:
அறிவியல் நிலைய வானாய்வகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவரைச் சந்தித்திருக்கிறேன் என்றே நினைக்கிறேன். பத்து சாத்தாமை நான் விண்கல் என்றபோது, ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளுக்குமுன் விண்கல் மோதியதில் உருகித் தெறித்த நம் பூமியின் மண்ணே கண்ணாடியாக உறைந்தது என்று, சற்றும் முகம் சுளிக்காமல் அரைமணி நேரம் விளக்கினார். அது துருப்பிடிக்காது. சீட்டுகளைத்தான் முதலில் காப்பாற்றுங்கள். எங்கே கிடைத்தது என்ற விவரம் தொலைந்தால் ஆய்வாளர்களுக்கு அந்தக் கல்லால் பயன் மிகக் குறைவு. அவற்றைப் படமெடுத்து, கல்லோடு படாதபடி தனி உறையில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அரைமணி நேர விளக்கம் என்றால் அது அவரேதான். இன்று காம்போ துண்டை ஆல்கஹாலில் இட்டிருக்கிறேன். பெலித்துங்கில் பத்து சாத்தாமை மோதிரத்தில் பதிப்பார்கள். தம் மனைவிக்கு அப்படிச் செய்து தர வேண்டுமென்று சீட்டின் பின்புறம் பென்சிலால் எழுதியிருக்கிறார். படமெடுக்கத் திருப்பியபோதுதான் கண்டேன். நாளை கல்லையும் சீட்டையும் அவர் மனைவியிடமே சேர்த்துவிடுகிறேன்.