இணையத்தில் 100 சதவீதம், எங்கள் தெருவில் நான்கு நாளைக்கு ஒரு முறை

மேட்டுத்தெரு கேட்டது:
எங்கள் வீட்டில் ஜல் ஜீவன் திட்டத்தில் குழாய் போட்டு மூன்று வருடம் ஆகிறது. தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறை வரும், அதுவும் முக்கால் மணி நேரம், மேட்டில் இருக்கிற எங்களுக்கு ஏழெட்டு குடம் தேறினால் அதிகம். போன வாரம் அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் எங்கள் ஊராட்சியைத் தேடிப் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் இணைப்பு, 100 சதவீதம் என்று இருக்கிறது. பொய் என்றும் சொல்ல முடியவில்லை, குழாய் இருக்கிறதே! அரசு தன் வேலையை இப்படி எண்ணிக் காட்டுவதை எப்படித்தான் சரிசெய்வது? புலம்பல் வேண்டாம், உருப்படியாகச் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர்:
தம்பி, நான் குடிநீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவித்த திட்டத்தில் வெறும் குழாய் இலக்கு இல்லை. தலைக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர், குடிக்கிற தரத்தில், தவறாமல் வந்தால்தான் அது செயல்படும் இணைப்பு. நான்கு பேர் இருக்கிற வீட்டுக்கு 220 லிட்டர், குடக் கணக்கில் ஏறக்குறைய பதினைந்து குடம், தினமும்! ஆனால் எல்லோரும் பார்க்கிற எண் இணைப்பு எண்ணிக்கைதான். குழாயை ஒரு தடவை எண்ணினால் போதும், தண்ணீரைத் தினமும் அளக்க வேண்டும், அந்தச் சோம்பல்தான் பாதிக் காரணம். 2022இல் மத்திய அரசே ஒரு மாதிரி ஆய்வு செய்தது, அளவு, தரம், ஒழுங்கு மூன்றும் சரியாக இருந்தது 62 சதவீத வீடுகளில் என்று வந்தது. அந்த 62ஐ எந்த விளம்பரத் தட்டியிலாவது பார்த்தீர்களா?

கணக்குப்பிள்ளை:
கழிப்பறைக் கதையும் இதேதான். 10 கோடிக்கு மேல் கட்டியாயிற்று, திறந்தவெளியில் யாரும் போவதில்லை என்று 2019 அக்டோபர் 2 அன்று அறிவித்தார்கள். 2019-21இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 19 சதவீத வீடுகள் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்தவில்லை என்று வந்தது. முதல் கணக்கு, கட்டிய துறை தானே போட்டது. இரண்டாவது, வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்தது. பரீட்சை எழுதினவனே பேப்பரும் திருத்தினால் என்ன மார்க் வரும்? அளப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும், என் கட்சி அவ்வளவுதான்.

நெல்லை_வாசகி:
சரி, ஆனால் இலக்கே வேண்டாம் என்று போய்விடாதீர்கள். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைக்கு வருகிறவரை 4 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று வைத்தார்கள். சில மருத்துவமனைகளில் நோயாளியை உள்ளேயே எடுக்காமல் ஆம்புலன்சிலேயே காக்க வைத்தார்கள், உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடும். அப்படியும் மொத்தத்தில் காத்திருப்பு குறையத்தான் செய்தது. எண் இருந்தால் ஏமாற்று வரும், எண்ணே இல்லாவிட்டால் கேட்கவும் நாதி இருக்காது.

வாய்க்கால்:
மேட்டுத்தெரு அண்ணே, அந்த இணையதளத்தில் உங்கள் ஊருக்கான பக்கத்தில் இன்னொன்றையும் பாருங்கள். துறை தானே 'எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிட்டோம்' என்று அறிவித்தது ஒரு நிலை, கிராம சபை தீர்மானம் போட்டு 'ஆமாம், வருகிறது' என்று சான்று கொடுத்தது வேறு நிலை. முதல் நிலையில்தான் நிற்கிறது என்றால் சபையில் மறுக்கலாம். அப்புறம், தொட்டி ஆபரேட்டர் எந்தத் தெரு வால்வை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடினார் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். எந்த டாஷ்போர்டும் வேண்டாம், தெருப் பெண்களே ஒரே நாளில் சரிபார்த்துவிடுவார்கள். ஆபரேட்டர் மேல் கோபப்படாதீர்கள், அவருக்குக் கிடைக்கிற சம்பளத்தைக் கேட்டால் நீங்களே பாவப்படுவீர்கள்.

மேட்டுத்தெரு:
பார்த்துவிட்டேன் தம்பி. கிராம சபையே சான்று கொடுத்ததாக இருக்கிறது. தீர்மானம் போட்ட கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தவன்தான், தீர்மானத்தை யாரும் வாசித்த ஞாபகம் இல்லை. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். நவம்பர் 1 சபைக்குக் குடக் கணக்கு எழுதின நோட்டோடு போகிறேன், நேற்றிலிருந்து என் மனைவி எழுத ஆரம்பித்துவிட்டாள்.