தடைக்காலம், தேர்வு, ஒத்திகை: மூன்றும் ஒரே மாதத்தில் வந்தால்

ஊர் நாடகத்தையும் அஞ்சல் வழிப் படிப்பையும் ஒன்றாகச் சமாளிப்பது எப்படி என்று ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்க்காரர்கள் ஐந்து பேர் சொல்கிறார்கள்.

பாம்பனிலிருந்து

ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் போடுகிற பிள்ளைகளில் பலர் இப்போது அஞ்சல் வழியில் பட்டம் படிக்கிறார்கள். எல்லாரும் திணறுவது மே மாதத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ஆட்கள் கரையில் இருக்கிறார்கள், திருவிழாக்களும் அந்தச் சமயத்தில் வரிசையாக வருகின்றன. நாடகத்தை அப்போது போடாமல் எப்போது போடுவது? ஆனால் இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தேர்வு பெரும்பாலும் ஜூன் முதல் வாரத்திலேயே தொடங்கிவிடும்.

இதற்கு ஒரே வழி, கனமான தாள்களை டிசம்பர் தேர்வுக்குத் தள்ளுவது. ஜூனில் ஒரு தாள், மிஞ்சினால் இரண்டு. கணக்கைப் பாருங்கள். இக்னோவில் தாளின் அளவைக் கிரெடிட்டில் சொல்வார்கள், 1 கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் தாள் இரண்டு என்றால் 240 மணி. ஜூலை தொடங்கி நவம்பர் கடைசி வரை சுமார் 22 வாரம் இருக்கிறது. வாரத்துக்கு 11 மணி படித்தால் போதும். அதையே தடைக்காலம் பிறந்தபின் தொடங்கினால் ஜூன் தேர்வுக்கு ஆறரை வாரம்தான் மிச்சம், வாரத்துக்கு 37 மணி வரும். ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு இரண்டு மணி நேர ஒத்திகை 35 ஆவது வேண்டும். அதற்கே 70 மணி போய்விடுகிறதே.

மூன்று வருஷப் பட்டத்தை முடிக்க இக்னோ 6 வருஷம் வரை அவகாசம் தருகிறது. ஒரு தாளை அடுத்த தேர்வுக்குத் தள்ளுவதைத் தோல்வி என்று வீட்டார் நினைக்கிறார்கள். இந்த விதியை முதலிலேயே அவர்களிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டும்.

தடைக்காலத்துக்கு வெளியே ஒத்திகை வைப்பவர்களுக்கு: ராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில்தான் திரும்பும். அந்த மூன்று ராத்திரியும் படகில் போகிறவர் இருக்கும் காட்சியை எடுக்காதீர்கள். முழுக்குழு ஒத்திகைக்கு செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்றும் நல்லவை. நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடைக்காலமும் கிடையாது, இந்தக் கிழமைக் கணக்கும் பொருந்தாது. அவர்களைத் தனியாகக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து

பாம்பன் அண்ணன் சொன்னது ஆண்களின் நாட்காட்டி. நடிக்க வரும் பெண்களுக்கு இன்னும் இரண்டு கோடு போட வேண்டியிருக்கிறது. ஒன்று, காவிரித் தண்ணீர் வரும் நாள். குடம் நிரப்பாமல் யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. இரண்டு, கடல்பாசி எடுக்கப் போகிறவர்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்கள். நீரோட்டம் பார்த்துத்தான் அவர்கள் இறங்குகிறார்கள். அன்று முழுக்கத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தவரை ராத்திரி வசனம் பேசச் சொல்லக்கூடாது.

ஒத்திகை எட்டு மணிக்கு என்று அறிவித்துவிட்டு ஒன்பதுக்குத் தொடங்குவதுதான் பெண்களை நாடகத்திலிருந்து விரட்டுகிறது. வேறு காரணம் தேட வேண்டாம். இதற்குக் காட்சிப் பட்டியல் எழுதுங்கள். ஒரு பெரிய தாளில் மேலே காட்சி எண், பக்கவாட்டில் பாத்திரம், யார் எந்தக் காட்சியில் வருகிறாரோ அங்கே ஒரு புள்ளி. ஒன்பது காட்சியில் இரண்டில் மட்டும் வரும் அம்மா வேடத்துக்கு ஏழு காட்சி ஒத்திகைக்கு வேலையில்லை. பெண்கள் வரும் காட்சிகளை முதலில் எடுத்து ஒன்பதரைக்குள் அனுப்பிவிடுங்கள். ஆண்கள் மட்டும் வரும் காட்சிகள் அதற்குப் பிறகு. அதிகாலையில் ஏலத்துக்குப் போகிற வீட்டில் உலை வைக்க எழுந்திருப்பது மூன்று மணிக்கு என்பதை நடத்துகிறவர் மனதில் வைத்திருக்க வேண்டும்.

கைக்குழந்தை உள்ளவர் வந்தால் ஒத்திகை நடக்கும் இடத்திலேயே பாய் விரித்து, ஒரு அக்காவையோ ஆச்சியையோ பார்த்துக்கொள்ள வையுங்கள். கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக வருவார்கள்.

கீழக்கரையிலிருந்து

வசனமும் படிப்பும் ஒரே மூளைக்குள்தான் போக வேண்டும். அதனால் தேர்வு வருஷத்தில் பெரிய வேடம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதிதாக நடிக்கிறவருக்கு ஒரு ராத்திரிக்கு 8 வசனம் நிற்கும். 40 வசனம் என்றால் ஐந்து ராத்திரி. 120 வசனக் கதாநாயகனுக்கு 15 ராத்திரி, அதற்குமேல் மறந்ததைத் திரும்ப ஏற்றுவதற்கு வேறு. படிக்கிற பிள்ளைக்குச் சின்ன வேடமோ மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் (பிராம்ப்ட்) வேலையோ கொடுங்கள். முக்கிய வேடம் ஒவ்வொன்றுக்கும் மாற்று ஆள் ஒருவரை இரண்டாவது வாரத்திலேயே தயார் செய்துவிட்டால், தேர்வுக்குப் போகிறவர் குற்ற உணர்ச்சியில்லாமல் போவார்.

மனப்பாடத்துக்குக் கைபேசி போதும். எதிராளியின் வசனத்தைப் பேசிப் பதிவு செய்யுங்கள். உங்கள் வசனம் வரும் இடத்தில் மனதுக்குள் சொல்லிப் பார்த்து அத்தனை நேரம் வெறுமையாக விடுங்கள். கருவாடு காயப்போடும்போதும் பேருந்திலும் காதில் ஓடட்டும். தன் வசனத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் மேடையில் தடுமாறுகிறார்கள். எதிராளியின் கடைசி மூன்று சொல்லையும் சேர்த்து மனதில் ஏற்ற வேண்டும்.

இக்னோவில் பெரும்பாலான தாள்களுக்கு ஒப்படைப்பு (அசைன்மென்ட்) 30 சதவீதம், தேர்வு 70. ஒப்படைப்பைக் கடைசித் தேதிக்கு வைக்காதீர்கள். ஜூன் தேர்வுக்கானது திருவிழா வேலையோடு மோதும். பொங்கலுக்கு முன் எழுதி முடிப்பது நல்லது. வாடைக்காற்றுக் காலத்தில் ஈரத்தில் தாள் தளர்ந்து ஜெல் பேனா மை ஊறிப் பரவும். பந்துமுனைப் பேனாவில் எழுதுங்கள், எழுதிய தாளை ஜிப் உறையில் வையுங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொண்டு, பெற்றதற்கான ஒப்புகையையும் வாங்கி வைத்திருங்கள்.

எல்லா மதத்தாரும் இருக்கும் குழு என்றால் இன்னொன்றும் உண்டு. ரமலான் மாதத்தில் இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பிறகு தராவீஹ் என்னும் சிறப்புத் தொழுகையும் இருப்பதால் ராத்திரி ஒத்திகை நடக்காது. ரமலான் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் வந்துகொண்டே இருக்கும். பழைய வருஷத்து அட்டவணையைப் பார்த்து எழுதாதீர்கள். தவக்காலத்தில் கிறிஸ்தவப் பிள்ளைகள் நகைச்சுவை நாடகத்துக்கு வரத் தயங்குவார்கள், வற்புறுத்த வேண்டாம்.

மூக்கையூரிலிருந்து

எல்லாரும் ஒத்திகையைப் பேசுகிறீர்கள். படிக்கிறவர்களின் நேரத்தை விழுங்குவது கடைசி வாரத்து மேடை வேலை. அதைப் படிக்காதவர்களிடம் பிரித்துக் கொடுங்கள். மணலில் சவுக்குக் கம்பு இரண்டரை அடி ஆழம் இறங்க வேண்டும், அடியில் மணல் மூட்டை வேண்டும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று நடிகரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்படி மேடையை அமையுங்கள். நடிகர் உடம்பே மைக்குக்கு மறைப்பாகிறது, குரலும் சனங்கள் பக்கம் போகும். ஆனால் பின்படுதா பாய் மாதிரி உப்பி நடிகரை முன்னால் தள்ளும். கீழே ஒரு அடி இடைவெளி விட்டு, நடுவில் இரண்டு மூன்று கீறல் போட்டுவிட்டால் காற்று ஊடே போய்விடும். கைமைக்குகளுக்கு ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். உப்புக்காற்றில் மைக் ஒயரின் ஊசிமுனை துரு ஏறிக் கரகரக்கும், முதல் நாளே துடைத்துச் சோதியுங்கள்.

ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. திருவிழா நாட்களில் நள்ளிரவு வரை சலுகை தர அரசுக்கு அதிகாரம் இருந்தாலும் அது வருஷத்தில் 15 நாளுக்கு மேல் போகாது. காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அந்த அலைச்சலையும் தேர்வு எழுதப்போகிறவர் தலையில் கட்டாதீர்கள்.

தொண்டியிலிருந்து

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நாடகத்துக்கும் முதல் தேர்வுக்கும் நடுவில் குறைந்தது ஐந்து நாள் விடுங்கள். தொண்டை கட்டியிருக்கும், ஒரு வாரத் தூக்கம் பாக்கி இருக்கும். இக்னோ தேர்வு காலையில் 10 மணி, மதியம் 2 மணி. ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரத்துக்கே சுமார் 55 கிலோமீட்டர். மையம் அதைத் தாண்டி விழுந்தால் முதல் நாளே போய்த் தங்க ஏற்பாடு செய்யுங்கள். அன்றைக்கு வீட்டில் யார் சமைப்பது, பிள்ளையை யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதை நாடகத் தேதி குறிக்கும்போதே பேசி முடித்துவிடுங்கள்.